எம்விபி யாருக்கு? பேஸ்பால் விவாதத்தில் முதல்முறை இறங்குபவர்களுக்கு

செப்டம்பர் பிறந்துவிட்டால் அமெரிக்க பேஸ்பால் ரசிகர்கள் கூடும் இடத்திலெல்லாம் ஒரே பேச்சுதான்: இந்த வருஷம் எம்விபி யாருக்கு? லீக்கின் மிகவும் மதிப்புமிக்க ஆட்டக்காரர் என்ற அந்த விருது, அமெரிக்கன் லீக்கில் ஒருவருக்கும் நேஷனல் லீக்கில் ஒருவருக்கும் ஆண்டுதோறும் போகிறது. ஆட்டத்தை இப்போதுதான் பார்க்க ஆரம்பித்தவர்கள் இந்தப் பேச்சில் வாய் திறக்கத் தயங்குவார்கள். எதிரே இருப்பவர் நாலு எண்ணை அடுக்கியதும் ‘சரி, உங்களுக்குத்தான் தெரியும்’ என்று ஒதுங்கிவிடுவார்கள். அப்படி ஒதுங்க வேண்டியதில்லை. நாற்பது வருஷமாக ஆட்டம் பார்ப்பவரோடும் சரிசமமாக வாதாட ஒரு வரிசை இருக்கிறது. முதலில் ரன் கணக்கு, அதாவது அணிக்கு அவர் எத்தனை ரன் லாபம் தந்தார் என்பது. அதன் பிறகு கதை, அதாவது அணி எழுந்த விதம், உடைத்த சாதனை போன்றவை. கணக்கில் இடைவெளி பெரிதாக இருந்தால் எந்தக் கதையும் அதைத் தாண்டக் கூடாது. இடைவெளி சிறிதாக இருந்தால் மட்டும் கதையை உள்ளே விடலாம். இதுதான் என் நிலை. இதை ஏற்காதவர்களும் கீழே உள்ள படிகளைக் கடந்துதான் ஆக வேண்டும்.

முதல் படி: ஓட்டு எப்படி விழுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

விருதைக் கொடுப்பது அமெரிக்க பேஸ்பால் எழுத்தாளர் சங்கம். 1931 முதல் அவர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒவ்வோர் அணியின் ஊரிலிருந்தும் இரண்டு பத்திரிகையாளர்கள் ஓட்டுப் போடுவார்கள். இப்போது லீக்குக்கு 15 அணிகள் என்பதால் 30 ஓட்டுச் சீட்டுகள். ஒவ்வொரு சீட்டிலும் பத்துப் பேரை வரிசைப்படுத்தி எழுத வேண்டும். முதலிடத்துக்கு 14 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 9, மூன்றாமிடத்துக்கு 8, அப்படியே இறங்கி பத்தாமிடத்துக்கு 1. முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் நடுவே மட்டும் ஐந்து புள்ளி இடைவெளி இருப்பதைக் கவனியுங்கள்.

சீட்டோடு வாக்காளருக்கு ஒரு குறிப்பும் வரும். மதிப்பு என்றால் என்ன என்பதற்கு அதில் திட்டவட்டமான விளக்கம் கிடையாது. அதை வாக்காளரே முடிவு செய்ய வேண்டும். ஆனால் சில விஷயங்கள் தெளிவாக இருக்கின்றன. மட்டையிலும் ஃபீல்டிங்கிலும் அணிக்கு எவ்வளவு பலம் சேர்த்தார், எத்தனை ஆட்டம் ஆடினார், குணமும் உழைப்பும் எப்படி என்று பார்க்கச் சொல்கிறது. வென்றவர் பிளேஆஃப் (வழக்கமான பருவம் முடிந்ததும் முன்னணி அணிகள் மோதும் சுற்று) போன அணியில் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பந்து வீசும் பிட்சர்களுக்கும் உண்டு, ஃபீல்டிங் செய்யாமல் மட்டை மட்டும் பிடிக்கும் டெசிக்னேட்டட் ஹிட்டர்களுக்கும் உண்டு. பாதி விவாதம் இந்த வரிகளைப் படிக்காததால் வருகிறது. ‘தோற்ற அணியில் இருப்பவருக்கு எப்படி எம்விபி?’ என்று ஒருவர் கேட்டால், விதி அவர் பக்கம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இரண்டாம் படி: பழைய மூன்று எண்களை அளவோடு நம்புங்கள்

பேட்டிங் ஆவரேஜ், ஹோம் ரன் (பந்தை வேலிக்கு அப்பால் அடிப்பது), ஆர்பிஐ. ஒரு நூற்றாண்டாக இந்த மூன்றையும் வைத்துத்தான் ஆட்டக்காரரை எடை போட்டார்கள். ஒரே பருவத்தில் மூன்றிலும் லீக்கிலேயே முதலிடம் பிடித்தால் அதற்கு டிரிபிள் கிரவுன் என்று பெயர்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள் ஆவரேஜ் என்றதும் ஓர் அவுட்டுக்கு எத்தனை ரன் என்று நினைத்துவிடுவார்கள். இங்கே அது வேறு. .330 என்றால், கணக்கில் சேரும் ஆயிரம் வாய்ப்புகளில் 330 முறை ஹிட் அடித்தார், அதாவது பந்தை அடித்துவிட்டு அவுட் ஆகாமல் பேஸை எட்டினார் என்று பொருள். பிட்சர் நான்கு பந்தைத் தவறாக வீசியதால் வாக் வாங்கி முதல் பேஸுக்கு நடந்து போனது இதில் சேராது. ஒரே ஒரு பேஸ் எடுத்த ஹிட்டுக்கும் ஹோம் ரனுக்கும் இதில் ஒரே மதிப்புதான். அதனால் ஆவரேஜை மட்டும் சொல்பவரிடம் ஆன்-பேஸ் சதவீதத்தையும் ஸ்லக்கிங்கையும் கேளுங்கள். முன்னது எத்தனை முறை அவுட் ஆகாமல் பேஸை எட்டினார் என்று சொல்லும். பின்னது அடியின் கனத்தைச் சொல்லும். இரண்டையும் கூட்டினால் ஓபிஎஸ்.

ஆர்பிஐ இன்னும் மோசம். ஒருவர் அடித்ததால் எத்தனை பேர் ஹோம் வந்து ரன் சேர்த்தார்கள் என்பதுதான் அது. அவருக்கு முன்னால் ஆடுபவர்கள் பேஸில் நிற்காவிட்டால் அவர் என்ன செய்வார்? 1987இல் சிகாகோ கப்ஸின் ஆண்ட்ரே டாசன் 49 ஹோம் ரன், 137 ஆர்பிஐ எடுத்து நேஷனல் லீக் எம்விபி ஆனார். கப்ஸ் அந்த ஆண்டு தன் பிரிவில் கடைசி இடம். கடைசி இட அணிக்காரருக்கு விருது கொடுத்ததில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆர்பிஐ கொழுத்திருந்தது என்பதற்காகக் கொடுத்ததில்தான் ஆட்சேபம். அதே லீக்கில் டோனி க்வின் அந்த ஆண்டு மொத்தத்தில் மேலான ஆட்டம் ஆடியிருந்தார்.

டிரிபிள் கிரவுன் எடுத்தால் எம்விபி தானாக வந்துவிடும் என்று யாராவது சொன்னால் வரலாற்றைக் காட்டுங்கள். 1934இல் லூ கெரிக் எடுத்தார், விருது மிக்கி காக்ரேனுக்குப் போனது. டெட் வில்லியம்ஸ் 1942இலும் 1947இலும் எடுத்தார், இரண்டு முறையும் கிடைக்கவில்லை. 1947இல் ஜோ டிமாஜியோவிடம் அவர் தோற்றது ஒரே ஒரு புள்ளியில்: 202க்கு 201.

மூன்றாம் படி: எங்கே ஆடினார், எந்த இடத்தில் நின்றார்

டென்வரில் கொலராடோ ராக்கீஸ் ஆடும் கூர்ஸ் ஃபீல்டு கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று மெலிந்திருப்பதால் பந்து கூடுதல் தூரம் பறக்கும். அங்கே எடுத்த ரன்னையும் பிட்சர்களுக்குச் சாதகமான மைதானத்தில் எடுத்த ரன்னையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. இதைச் சரிக்கட்ட ஓபிஎஸ் பிளஸ் என்ற எண் இருக்கிறது. அதில் 100 என்பது லீக் சராசரி. 160 என்றால் சராசரியைவிட 60 சதவீதம் மேல்.

ஆனால் ‘கூர்ஸ்காரர்’ என்று ஒருவரைப் பார்க்காமலே தள்ளிவிடுவதும் தப்பு. 1997இல் ராக்கீஸின் லாரி வாக்கர் எம்விபி வாங்கினார். 49 ஹோம் ரன்களில் 29 வெளியூர் மைதானங்களில் அடித்தவை. மலைக்காற்று அவருக்குப் பரிசு வாங்கித் தந்தது என்று சொல்பவர்களுக்கு அந்த 29 போதுமான பதில்.

அடுத்தது நிற்கும் இடம். கேட்சர் (மட்டை பிடிப்பவருக்குப் பின்னால் குந்திப் பந்தைப் பிடிப்பவர்), ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்பவர்), சென்டர் ஃபீல்டு (மைதானத்தின் நடு வெளிப்பகுதி) ஆகிய இடங்களில் நின்றுகொண்டு நன்றாக அடிக்கவும் தெரிந்தவர்கள் அபூர்வம். முதல் பேஸிலும் இடது, வலது ஃபீல்டிலும் அடிப்பவர்கள் நிறையக் கிடைப்பார்கள். ஃபேன்கிராஃப்ஸ் என்ற புள்ளிவிவரத் தளத்தின் கணக்கில் முழுப் பருவம் கேட்சராக நின்றவருக்கு 12.5 ரன் கூட்டுகிறார்கள். வலது ஃபீல்டருக்கு 7.5 ரன் கழிக்கிறார்கள். முழுப் பருவமும் டெசிக்னேட்டட் ஹிட்டராக (சுருக்கமாக டிஹெச்) இருந்தால் 17.5 ரன் கழிக்கிறார்கள். அதாவது, கேட்சரும் டிஹெச்சும் மட்டையில் ஒரே அளவு அடித்திருந்தால் கேட்சர் 30 ரன் முன்னால் நிற்கிறார்.

நான்காம் படி: ‘வார்’ எண்ணைத் தொடக்கமாக எடுங்கள், தீர்ப்பாக எடுக்காதீர்கள்

மட்டை, பேஸ் ஓட்டம், ஃபீல்டிங், நின்ற இடம், மைதானம், ஆடிய அளவு எல்லாவற்றையும் ரன்னாக மாற்றி, அந்த ரன்களை வெற்றிகளாக மாற்றிச் சொல்வது வார். ஏறக்குறைய 10 ரன்னுக்கு ஒரு வெற்றி. யாரோடு ஒப்பிட்டு? சின்ன லீக்கிலிருந்து எந்த நாளும் குறைந்த சம்பளத்துக்குக் கூப்பிட்டுக்கொள்ளக்கூடிய சாதாரண மாற்று ஆட்டக்காரரோடு. ஒருவருடைய வார் 8 என்றால், அவருக்குப் பதில் அந்த மாற்று ஆள் ஆடியிருந்தால் அணி எட்டு ஆட்டம் குறைவாக வென்றிருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். எட்டைத் தாண்டினால் பொதுவாக எம்விபி பேச்சில் பெயர் அடிபடும்.

புதியவர்கள் தடுமாறும் இடம் இது. பேஸ்பால் ரெஃபரன்ஸ் என்ற தளம் ஒரு வார் தருகிறது, ஃபேன்கிராஃப்ஸ் இன்னொன்று தருகிறது, இரண்டும் ஒத்துப்போகாது. காரணம் ஃபீல்டிங்கை அளக்கும் முறை வேறு. முக்கியமாக, கேட்சர் ஓரத்தில் வரும் பந்தை அலுங்காமல் பிடித்து நடுவரிடம் ஸ்ட்ரைக் வாங்கித் தரும் திறமையை, ஃப்ரேமிங் என்பார்கள், ஃபேன்கிராஃப்ஸ் கணக்கில் சேர்க்கிறது. பேஸ்பால் ரெஃபரன்ஸ் சேர்ப்பதில்லை. ஆகவே இரண்டையும் பாருங்கள். இருவருக்கு நடுவே இடைவெளி ஒன்றுக்குள் இருந்தால் சமம் என்றே வையுங்கள். ஃபீல்டிங் அளவீட்டில் அந்த அளவு பிசகு சகஜம். 7.9 வாங்கியவரைவிட 8.2 வாங்கியவர்தான் மேல் என்று அடித்துச் சொல்பவர் வார் என்றால் என்ன என்று புரிந்துகொள்ளவில்லை. இரண்டு, மூன்று என்று இடைவெளி விரிந்தால் அதைத் தாண்டிப் பேச வலுவான காரணம் வேண்டும்.

ஐந்தாம் படி: 2012 வழக்கை ஒருமுறை முழுதாகப் படியுங்கள்

இந்த விவாதத்தைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடம் கிடையாது.

அமெரிக்கன் லீக். ஒரு பக்கம் டெட்ராய்ட் டைகர்ஸின் மிகேல் கப்ரேரா: .330, 44 ஹோம் ரன், 139 ஆர்பிஐ. 1967இல் கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கிக்குப் பிறகு யாருமே எடுக்காத டிரிபிள் கிரவுன். மறுபக்கம் லாஸ் ஏஞ்சலிஸ் ஏஞ்சல்ஸின் மைக் ட்ரௌட், முதல் முழுப் பருவம் ஆடும் பையன், ஆகஸ்டில்தான் 21 வயது நிரம்பியது: .326, 30 ஹோம் ரன், 83 ஆர்பிஐ, லீக்கிலேயே அதிகமாக 129 ரன், 49 பேஸ் திருட்டு (யாரும் அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது).

பழைய மூன்று எண்ணை மட்டும் பார்த்தால் பேச்சுக்கே இடமில்லை. இப்போது மேலே சொன்ன படிகளை வரிசையாக வையுங்கள். ட்ரௌட்டின் சொந்த மைதானம் பிட்சர்களுக்குச் சாதகமானது. அதைச் சரிக்கட்டினால் மட்டையில் அவர் கப்ரேராவுக்குச் சற்று முன்னாலேயே வருகிறார். பேஸ் திருட்டில் 49 வெற்றி, மாட்டியது 5 முறை. ஒரு திருட்டு சுமார் 0.2 ரன், மாட்டினால் சுமார் 0.4 ரன் நஷ்டம் என்று வைத்தால், அதிலேயே ஏறக்குறைய 8 ரன் லாபம். கப்ரேரா அடித்த அடியோ அந்த ஆண்டு லீக்கிலேயே அதிகமாக 28 முறை டபுள் பிளேயாக, அதாவது ஒரே அடியில் இரண்டு அவுட்டாக, முடிந்தது.

பிறகு ஃபீல்டிங். 2012 ஜூன் மாதம் பால்டிமோரில் ஜே. ஜே. ஹார்டி அடித்த பந்து சென்டர் ஃபீல்டு வேலிக்கு அப்பால் போய்க்கொண்டிருந்தது. ட்ரௌட் பின்னோக்கி ஓடிப்போய், எகிறி, வேலிக்கு மேலே கையை நீட்டி அதைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். நிச்சயமான ஹோம் ரன் ஒன்று அவுட்டானது. கூட்டிப் பார்த்தால் ஒன்றரை ரன்னுக்கு மேல். அந்தப் பருவத்தில் இப்படி வேலியைத் தாண்டவிருந்த பந்தை அவர் பறித்தது ஒருமுறை மட்டும் அல்ல. கப்ரேரா மூன்றாம் பேஸில் சிரமப்பட்டுச் சமாளித்தார். பிரின்ஸ் ஃபீல்டர் என்ற ஆட்டக்காரர் முதல் பேஸுக்கு வந்ததால் அணிக்காக அவர் இடம் மாறினார் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். எல்லாம் சேர்த்து ட்ரௌட்டின் வார் 10க்கு மேல், கப்ரேராவுடையது சுமார் 7. ஆடிய ஆட்டங்களில் கப்ரேரா 161, ட்ரௌட் 139. ஏப்ரல் கடைசியில்தான் ட்ரௌட்டைச் சின்ன லீக்கிலிருந்து மேலே அழைத்தார்கள். வார் ஏற்கெனவே அந்தக் குறைவையும் கணக்கில் எடுத்துக்கொண்டது.

வந்த முடிவு: 28 முதலிட ஓட்டில் கப்ரேராவுக்கு 22, ட்ரௌட்டுக்கு 6. புள்ளிகள் 362க்கு 281. டைகர்ஸ் பிளேஆஃப் போனது என்பது வாக்காளர்கள் பலர் சொன்ன காரணம். ஆனால் அந்த ஆண்டு டைகர்ஸ் வென்றது 88, ஏஞ்சல்ஸ் வென்றது 89. பலவீனமான பிரிவில் இருந்ததால் டைகர்ஸ் உள்ளே போனது, பலமான பிரிவில் இருந்ததால் ஏஞ்சல்ஸ் வெளியே நின்றது. அதற்கும் இந்த இரண்டு பேருக்கும் என்ன சம்பந்தம்? விருது ட்ரௌட்டுக்குப் போயிருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. டிரிபிள் கிரவுன் மகத்தான சாதனை, அதைக் கொண்டாடியது நியாயம். ஆனால் 30 ரன் இடைவெளியை அது மூடாது.

அதன் பிறகு காற்று மாறியது. 2016இல் ஏஞ்சல்ஸ் 74 ஆட்டம்தான் வென்றது. ஆனாலும் எம்விபி ட்ரௌட்டுக்கே வந்தது.

ஆறாம் படி: பிட்சரை எப்படிச் சேர்ப்பது

‘ஐந்து நாளுக்கு ஒருமுறை ஆடுபவர் தினமும் ஆடுபவருக்குச் சமமா?’ என்ற கேள்வி கட்டாயம் வரும். பதில் எண்ணிக்கையில் இருக்கிறது. 2011இல் எம்விபி வாங்கிய ஜஸ்டின் வெர்லாண்டர் அந்தப் பருவத்தில் 900க்கும் மேற்பட்ட பேட்டர்களை எதிர்கொண்டார். முழுநேர பேட்டர் ஒருவர் மட்டை பிடிப்பது சுமார் 700 முறைதான். ஆட்டத்தில் அவருடைய கை பட்ட தருணங்கள் குறைவு என்று சொல்லவே முடியாது.

1999இல் பாஸ்டனின் பெட்ரோ மார்ட்டினெஸ் 23 வெற்றி, 4 தோல்வி, 2.07 ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக விட்டுக்கொடுத்த ரன்), 313 ஸ்ட்ரைக்அவுட் (பந்து வீசியே பேட்டரை அவுட் ஆக்கியது). ரன் மழை பொழிந்த காலத்தில் அப்படி ஒரு பருவம். முதலிட ஓட்டு அவருக்கு 8, டெக்சஸின் கேட்சர் ஐவன் ரோட்ரிகஸுக்கு 7. ஆனால் விருது ரோட்ரிகஸுக்கு, 252க்கு 239. இரண்டு வாக்காளர்கள் பெட்ரோவின் பெயரைப் பத்தில் ஓரிடத்தில்கூட எழுதவில்லை. அந்த இருவரும் ரோட்ரிகஸின் இடத்தைத் தொடாமல் பெட்ரோவை நான்காவதாக எழுதியிருந்தால்கூட 14 புள்ளி சேர்ந்து 253 ஆகியிருக்கும். பிட்சருக்கும் உண்டு என்று சீட்டோடு வரும் குறிப்பு சொல்லும்போது அவரை முழுவதும் விலக்கியது அநியாயம். இத்தனை வருஷம் கழித்தும் அப்படித்தான் சொல்வேன்.

ஷோஹெய் ஓடானி இந்தக் கேள்வியையே புரட்டிப் போட்டார். 2021இலும் 2023இலும் பிட்சராகவும் பேட்டராகவும் ஆடி ஒருமனதாக வென்றார். 2022இல் இரண்டையும் அதே தரத்தில் செய்தும், 62 ஹோம் ரன் அடித்து அமெரிக்கன் லீக் சாதனையை உடைத்த ஆரன் ஜட்ஜிடம் தோற்றார். 2024இல் பந்தே வீசாமல் டிஹெச்சாக மட்டும் ஆடி 54 ஹோம் ரன், 59 பேஸ் திருட்டு. இந்த முறை நேஷனல் லீக்கில், மறுபடியும் ஒருமனதாக எம்விபி.

ஏழாம் படி: 2025இல் நீங்களே தீர்ப்புச் சொல்லிப் பாருங்கள்

நியூயார்க் யாங்கீஸின் ஆரன் ஜட்ஜ்: .331, 53 ஹோம் ரன், 114 ஆர்பிஐ. சியாட்டில் மரினர்ஸின் கேல் ராலி: .247, 60 ஹோம் ரன், 125 ஆர்பிஐ. கேட்சராக இருந்துகொண்டு ஒரே பருவத்தில் இவ்வளவு ஹோம் ரன் யாருமே அடித்ததில்லை. மரினர்ஸ் 2001க்குப் பிறகு முதல்முறையாகத் தன் பிரிவை வென்றது.

ராலிக்காக வாதாடுவதென்றால் இப்படித் தொடங்குங்கள். ஒவ்வோர் ஆட்டத்திலும் நூற்றுக்கும் மேற்பட்ட பந்துகளுக்குக் குந்தி எழுந்து, பிட்சரை வழிநடத்தி, முழங்கால் நோகும் வேலை. சுமார் 120 ஆட்டங்களில் அதைச் செய்தார், மீதி நாட்களில் டிஹெச்சாக வந்து அடித்தார். ஃப்ரேமிங்கையும் சேர்க்கும் ஃபேன்கிராஃப்ஸ் கணக்கில் அவருக்கும் ஜட்ஜுக்கும் இடைவெளி ஒரு வெற்றிதான்.

ஜட்ஜுக்காக வாதாடுவதென்றால் ஆன்-பேஸ் சதவீதத்தைக் காட்டுங்கள்: ஜட்ஜ் .457, ராலி .359. நூறு முறை மட்டை பிடித்தால் ஜட்ஜ் 46 முறை பேஸை எட்டுகிறார், ராலி 36 முறை. அந்தப் பத்து வித்தியாசம் பருவம் முழுக்கச் சேர்ந்துகொண்டே போகிறது. பேஸ்பால் ரெஃபரன்ஸ் கணக்கில் இடைவெளி இரண்டுக்கு மேல்.

ஓட்டு பிளந்தது. ஜட்ஜுக்கு முதலிடம் 17, இரண்டாமிடம் 13. ராலிக்கு நேர் எதிர். 17 பதினான்கு 238, 13 ஒன்பது 117, ஆக 355. ராலிக்கு 182உம் 153உம் சேர்த்து 335. நான் ஜட்ஜுக்குத்தான் போட்டிருப்பேன், அவுட் ஆகாமல் இருப்பதுதான் மட்டையின் முதல் வேலை என்று நம்புவதால். ஆனால் அந்த 13 பேரையும் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஓர் அளவுகோலில் இடைவெளி ஒன்றுக்குள் வரும்போது கேட்சரின் உடல் படும் பாட்டையும், அணி எழுந்த விதத்தையும் எடை போட அவர்களுக்கு உரிமை உண்டு. 2012க்கும் 2025க்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

வாதாடும்போது

எதிராளியின் அளவுகோல் எது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் பிளேஆஃப் அணிக்காரர்தான் வேண்டும் என்பவரா, முழு ரன் கணக்குப் பார்ப்பவரா? அது தெரியாமல் எண்களை வீசினால் இரண்டு பேரும் இரண்டு வேறு விருதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பீர்கள்.

செப்டம்பரில் அடித்த அடியை மட்டும் சொல்பவரிடம், ஏப்ரலில் வென்ற ஆட்டமும் பட்டியலில் ஒரு வெற்றியாகத்தானே நிற்கிறது என்று கேளுங்கள். எதிர் ஆட்டக்காரரின் மிகச் சிறந்த புள்ளியை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். உங்கள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்பார்கள். ‘ஆளே இல்லாத அணியில் தனியாகச் சுமந்தார்’ என்ற வாதத்தையும் ‘நல்ல அணியை மேலே கொண்டுபோனார்’ என்ற வாதத்தையும் ஒரே மூச்சில் பயன்படுத்தாதீர்கள். ஒன்று மற்றொன்றை வெட்டும்.

முதலிடத்தோடு நிறுத்தாமல் பத்துப் பேரையும் எழுதிப் பழகுங்கள். ஐந்திலிருந்து பத்து வரை எழுத உட்கார்ந்தால்தான் பெயர் தெரியாத ஷார்ட்ஸ்டாப்பையும், நடுத்தர அணியின் பிட்சரையும் தேடிப் பார்ப்பீர்கள். வழக்கமான பருவத்தின் 162ஆம் ஆட்டம் முடிந்த இரவே பட்டியலைப் பூட்டிவிடுங்கள். உண்மையான வாக்காளர்களும் பிளேஆஃப் தொடங்கும் முன் சீட்டைக் கொடுத்துவிட வேண்டும். அக்டோபரில் யார் என்ன அடித்தாலும் அது இந்தக் கணக்கில் சேராது. முடிவு நவம்பரில் வரும்.